ஜூலிக்குக் கத்தியா, பத்தியமா?

வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"எங்கள் ஜூலி லாப்ரடார், பெண், ஆறரை வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கருத்தடை ஆபரேஷன் செய்தோம். இப்போது எடை 41 கிலோ. நாலைந்து மாதமாகக் காலையில் எழுந்திருக்கவே திணறுகிறாள். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து முயல் மாதிரி தத்துகிறாள். மாடிப்படிப் பக்கம் போவதே இல்லை. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், 'ஹிப் டிஸ்பிளாசியா, அதாவது இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறை, மூட்டும் தேய்ந்திருக்கிறது, எடையைக் குறையுங்கள்' என்றார். இன்னொருவர் ஆபரேஷன்தான் வழி என்கிறார். நடுவில் ஓர் இடத்தில் ஊசி போட்டார்கள். இரண்டு வாரம் துள்ளி ஓடினாள், அப்புறம் பழையபடி. மூன்று வாரம் முன்பு ஒரு ராத்திரி அவள் முனகுவதைப் பார்க்க முடியாமல் அப்பாவின் முழங்கால்வலி மாத்திரையில் பாதி கொடுத்தேன். அவள் அதிகம் சாப்பிடுவதே இல்லை டாக்டர். காலையில் ஒன்றரைக் கப், ராத்திரி ஒன்றரைக் கப் டிரை ஃபுட், அவ்வளவுதான். அப்பா தன் பங்குக்குப் பிஸ்கட் கொடுப்பார், கொஞ்சம் பால். ஆபரேஷன் செய்துதான் ஆகவேண்டுமா? தம்பி வீட்டுக்கும் அடுத்த வாரம் ஒரு லாப்ரடார் குட்டி வருகிறது. அதற்கும் இப்படி ஆகுமா?"

வணக்கம் சகோதரி.

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் மாத்திரையை இனி ஜூலிக்குக் கொடுக்காதீர்கள், பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நமக்குச் சாதுவாகத் தெரிகிற பாராசிட்டமாலும் அளவு மீறினால் கல்லீரலில் கை வைத்துவிடும். கொடுத்து மூன்று வாரம் ஆகிவிட்டது, ஜூலியும் வழக்கம்போலச் சாப்பிடுகிறாள் என்பதால் நடந்ததை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார்கள் என்று நினைத்துப் பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அது தெரியாமல் நாங்கள் அதன் மேல் இன்னொரு வலி மருந்தை எழுதினால் வம்பு இரட்டிப்பாகும்.

அந்த ஊசியையும் விசாரிக்க வேண்டும். இரண்டு வாரம் துள்ள வைத்துவிட்டுச் சட்டென்று கைவிட்ட ஊசி என்றால், நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டாக இருக்கும் என்பது என் ஊகம். அது வலியை அமுக்கும், கூடவே பசியைக் கிளப்பும், தண்ணீர் தாகத்தைக் கூட்டும். திரும்பத் திரும்பப் போட்டால் தொடைத் தசை கரையும், உடம்பில் கொழுப்பு ஏறும். ஜூலிக்கு எது கூடாதோ அத்தனையும் ஒரே ஊசியில். ஸ்டீராய்டும் மற்ற வலி மருந்துகளும் ஒரே சமயத்தில் உடம்பில் சேரக்கூடாது. அதனால் போட்ட தேதியையும் மருந்தின் பெயரையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, இடுப்புக்கு வருவோம்.

இடுப்பு மூட்டு பந்துக்கிண்ண மூட்டு. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்து சுழல வேண்டும். டிஸ்பிளாசியா உள்ள நாய்க்குப் பிறக்கும்போது எலும்பில் குறை எதுவும் தெரியாது. வளர்கிற மாதங்களில் மூட்டைப் பிடித்திருக்கும் திசு தளர்ந்து, தலை குழிக்குள் தளதளவென்று ஆட ஆரம்பிக்கும். ஆடுகிற தலை குழியின் விளிம்பைத் தேய்க்கும், குழி ஆழமில்லாமல் தட்டையாகும், குருத்தெலும்பு பிய்யும், உடம்பு அதைச் சமாளிக்க ஓரங்களில் புது எலும்பைப் போட்டுக் கட்டும். எக்ஸ்ரேயில் டாக்டர் காட்டியிருக்கக்கூடிய அந்த முரட்டு ஓரங்கள் இதுதான். தளர்வு பரம்பரையாக வருவது. ஒரே ஒரு மரபணுவின் வேலை இல்லை, பல சேர்ந்து செய்வது. அதை நீங்கள் உண்டாக்கவில்லை, நீங்கள் தடுத்திருக்கவும் முடியாது. தளர்ந்த மூட்டு எவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்பதில்தான் எடை புகுந்துகொள்கிறது. அதுவும் இரண்டு வழியாக. ஒன்று, சுமை. இன்னொன்று பலருக்குத் தெரியாது: கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. அது அழற்சியைத் தூண்டும் பொருட்களை இரத்தத்தில் கசியவிட்டபடி இருக்கும். ஏற்கெனவே கனன்றுகொண்டிருக்கும் மூட்டுக்கு அது விசிறி வீசுவது மாதிரி.

இங்கே ஒரு சந்தேகத்தைக் கிளப்பியே ஆகவேண்டும். எக்ஸ்ரேயில் இடுப்பு மோசமாகத் தெரிவதாலேயே வலி இடுப்பில்தான் என்று முடிவு கட்டிவிட முடியாது. படத்தில் பயங்கரமாக இருக்கும் இடுப்போடு சில நாய்கள் வயதாகும்வரை ஓடியாடும். சுமாரான படத்தோடு சில நாய்கள் நொண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் இதில் நான் சறுக்கியிருக்கிறேன். குண்டான ஒரு நாய், படத்தில் இரண்டு இடுப்பும் கோணல். நானும் இடுப்புக்கே மருந்து கொடுத்துக்கொண்டு இரண்டு மாதத்தை ஓட்டினேன். உண்மையில் அதற்கு முழங்காலுக்குள் இருக்கும் குறுக்குத் தசைநார் கிழிந்திருந்தது. ஒருநாள் காத்திருக்கும் அறையில் அது உட்கார்ந்த விதத்தைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. ஒரு பின்னங்காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டி வைத்துக்கொண்டு, ஒருக்களித்து உட்கார்ந்திருந்தது. படத்தைப் பார்த்த கண்ணால் நாயைப் பார்க்கவில்லை நான்.

ஜூலி எப்படி உட்காருகிறாள் என்று பாருங்கள். முயல் தத்தல் இடுப்பைத்தான் காட்டுகிறது, ஆனால் எடை கூடிய நாய்களில் முழங்கால் தசைநார் கிழிவதும் மிகச் சாதாரணம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். பின்னங்கால் நகங்களின் மேல்பக்கம் தரையில் உரசித் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் தண்டுவடத்தையும் சோதிக்க வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் நாய் குண்டாகும், சோம்பிக் கிடக்கும். அதற்கும் ஓர் இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, டாக்டரிடம் போகும்முன் ஜூலி நடப்பதைப் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், காலையில் முதன்முதலாக எழுந்திருக்கும்போது எடுத்தால் இன்னும் நல்லது. கிளினிக் வாசலுக்கு வந்ததும் பரபரப்பில் பல நாய்கள் நொண்டலை மறந்துவிடும். வீட்டில் காலை இழுத்த நாய் எங்கள் முன்னால் ராஜநடை போடும்.

இப்போது எடை. "எடையைக் குறையுங்கள்" என்று உங்கள் டாக்டர் சொன்னது சரிதான், ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். எந்த டாக்டராவது "மாத்திரை கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று சொல்லாமல் அனுப்புவாரா? எடைக் குறைப்பை மட்டும் எங்கள் தொழிலில் பலர் போகிறபோக்கில் சொல்லும் புத்திமதியாகவே வைத்திருக்கிறோம். ஜூலிக்கு அதுதான் முதல் மருந்து. மருந்தென்றால் அளவு வேண்டும். அளவைப் போட்டுப் பார்ப்போம்.

பெண் லாப்ரடாருக்கு 25 முதல் 32 கிலோ வரை சரியான எடை. ஜூலியின் இலக்கைத் தற்காலிகமாக 32 என்று வைத்துக்கொள்வோம். தொட்டுப் பார்த்துச் சரியான எண்ணை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். கால்குலேட்டரை எடுத்து 32-ஐ 32-ஆல் பெருக்கி, மறுபடியும் 32-ஆல் பெருக்குங்கள். வர்க்கமூலப் பொத்தானை இருமுறை அழுத்துங்கள். வந்ததை 70-ஆல் பெருக்குங்கள். 940 சொச்சம் வரும். 32 கிலோ நாய் சும்மா படுத்திருக்க ஒரு நாளுக்குத் தேவையான கலோரி அது. இளைக்க வேண்டிய நாய்க்கு வழக்கமாக அங்கிருந்துதான் தொடங்குவோம். கவனியுங்கள், இப்போதைய 41-க்கு இல்லை, வரவேண்டிய 32-க்குக் கணக்கு.

அவள் இப்போது என்ன சாப்பிடுகிறாள்? "அதிகம் சாப்பிடுவதே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கப்பில் கோபுரமாக அள்ளினால் ஒரு கப் 110 கிராம் வந்துவிடும். மூன்று கப்புக்கு 330 கிராம். சாதாரண டிரை ஃபுட் 100 கிராமுக்குச் சுமார் 360 கலோரி என்று வைத்தால் அதிலேயே 1,190. அப்பாவின் பிஸ்கட் எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். காலை டீக்கு இரண்டு, பேப்பர் படிக்கும்போது இரண்டு, சாயங்காலம் நாலு என்று எட்டு வைப்போம். ஒன்றுக்கு 30 கலோரி என்றால் 240. ஒரு தம்ளர் பாலுக்கு 120-க்குக் குறையாது. கூட்டினால் 1,550. தேவை 940. ஜூலி கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறாள் என்று நீங்கள் பொய் சொல்லவில்லை. பார்க்கக் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. கருத்தடைக்குப் பிறகு நாயின் தேவை கால்வாசி வரை குறையும், ஆனால் பசி குறையாது. கிண்ணத்தின் அளவை யாரும் அன்றைக்கே குறைப்பதும் இல்லை. கருத்தடை வேண்டாம் என்று சொல்லவில்லை. தையல் பிரிக்கும் அன்றே கிண்ணத்தையும் குறைக்கச் சொல்லியிருக்க வேண்டும், அது எங்கள் தரப்புத் தவறு.

இப்போதுள்ள டிரை ஃபுட்டையே 260 கிராமாகக் குறைத்தால் கலோரிக் கணக்கு சரியாகிவிடும். ஆனால் மாதக்கணக்கில் அப்படிக் குறைத்துப் போட்டால் புரதமும் தாதுக்களும் பற்றாமல் போகலாம். கொழுப்போடு தசையும் கரைந்தால் ஜூலிக்கு நஷ்டம்தான், ஏனென்றால் தளர்ந்த இடுப்பைத் தாங்கிப் பிடித்திருப்பதே தொடைத் தசைதான். அதனால் எடைக் குறைப்புக்கென்றே தயாரிக்கப்பட்ட, கலோரி குறைந்த, புரதமும் நாரும் கூடிய உணவுக்கு டாக்டரைக் கேட்டு மாறுவது நல்லது. 100 கிராமுக்கு 300 கலோரி உள்ள உணவென்றால் ஒரு நாளுக்கு 310 கிராம் கிடைக்கும். கிண்ணம் ஏறக்குறைய பழைய அளவிலேயே இருக்கும், ஜூலிக்கும் ஏமாற்றம் இல்லை. மாற்றும்போது ஒரு வாரம் எடுத்துக்கொண்டு பழையதோடு கலந்து கலந்து மாற்றுங்கள்.

கப்பைத் தூக்கிப் போடுங்கள். சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுங்கள். ஒரே ஆள், ஒரே கப், ஒரே அளவு என்று நினைத்து ஐந்து முறை அள்ளி ஒவ்வொன்றையும் நிறுத்துப் பாருங்கள், ஐந்தும் ஐந்து விதமாக இருக்கும்.

அடுத்தது அப்பா. சகோதரி, இந்த வைத்தியம் ஜெயிப்பதும் தோற்பதும் அவர் கையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. "இனிமேல் ஜூலிக்கு எதுவும் கொடுக்காதீர்கள்" என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் ஒளித்துக் கொடுப்பார். நான் பார்த்த முக்கால்வாசி வீடுகளில் அதுதான் நடந்தது. அவரைத் தப்பும் சொல்ல முடியாது. அவர் கொடுக்க நினைப்பது பிஸ்கட்டை இல்லை, அவள் தன்னிடம் வந்து நிற்கும் அந்த அரை நிமிஷத்தை. அதைப் பிடுங்காமல் இப்படிச் செய்யுங்கள். காலையில் அன்றைய 310 கிராமை நிறுத்ததும், அதிலிருந்தே 50 கிராமை ஒரு சின்ன டப்பாவில் போட்டு அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். நாள் முழுக்க ஒவ்வொன்றாக அவர் கையாலேயே கொடுக்கட்டும். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். நாய்க்கு எத்தனை தடவை கிடைத்தது என்பதுதான் கணக்கு, எவ்வளவு பெரியது என்பது இல்லை. ஒரு பிஸ்கட்டை முழுதாகக் கொடுத்தாலும் எட்டாக உடைத்து எட்டு தடவை கொடுத்தாலும் அவளுக்கு எட்டு தடவைதான் பெரிது. வேறு ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால் உப்பில்லாமல் வேகவைத்த கேரட், பீன்ஸ், பச்சை வெள்ளரித் துண்டு. வெங்காயமும் திராட்சையும் மட்டும் எந்த வடிவிலும் கூடாது, இரண்டும் நாய்க்கு விஷம். பாலை நிறுத்திவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளினிக்கின் ஒரே தராசில் எடை பாருங்கள். வாரத்துக்கு நானூறு கிராம் வாக்கில், அதாவது உடல் எடையில் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் பிரமாதம். அதைவிட வேகம் வேண்டாம். ஒரு மாதம் கழித்தும் தராசு அசையவில்லை என்றால், வீட்டில் யார் கையிலிருந்து கசிகிறது என்று முதலில் பாருங்கள். கசிவே இல்லை என்றால் அளவை இன்னும் பத்து சதவீதம் குறைக்கலாம். நடுநடுவே கையாலும் சோதிக்கலாம். ஒரு கையை முஷ்டியாக மடக்கி, மறுகை விரலால் அந்தக் கணுக்களைத் தடவிப் பாருங்கள். விலா எலும்பு அப்படித் தட்டுப்பட்டால் நாய் ரொம்ப மெலிவு. கையை விரித்து, புறங்கையைத் தடவிப் பாருங்கள். அதுதான் சரியான உடம்பு. உள்ளங்கையைத் தடவினால் எலும்பு எங்கோ ஆழத்தில் இருக்கிறதே, ஜூலியின் விலா இன்றைக்கு அப்படித்தான் இருக்கும்.

ஒன்பது கிலோவா என்று மலைத்துவிடாதீர்கள். 32-ஐத் தொட எட்டு, ஒன்பது மாதமாகலாம், ஆனால் பலனுக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. மூட்டுத் தேய்மானமுள்ள குண்டு நாய்கள் பதினான்கை இளைக்க வைத்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையில் 6 சதவீதம் சொச்சம் குறைந்தபோதே நொண்டல் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது. 9 சதவீதத்தை நெருங்கியபோது கால் தரையில் ஊன்றும் விசையை அளக்கும் கருவியே அதை உறுதி செய்தது. ஜூலிக்கு இது இரண்டரை முதல் மூன்றரை கிலோ. இரண்டு மாத வேலை. அதனால் முதல் இலக்கு 38 என்று மட்டும் காலண்டரில் எழுதி வையுங்கள்.

அதற்குள் அவள் வலியோடு கிடக்க வேண்டுமா என்றால், கூடாது. "முதலில் இளைக்கட்டும், வலி தானாகப் போகும்" என்பதை நான் ஏற்பதில்லை. வலிக்கிற நாய் நடக்காது, நடக்காத நாய்க்குத் தசை போகும், தசை போனால் மூட்டு இன்னும் ஆடும். நாய்க்கென்றே உள்ள வலி மருந்துகள் இருக்கின்றன: கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம், ஃபிரோகாக்சிப் போன்றவை. ஆரம்பிக்கும் முன் கல்லீரல், சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை, சில வாரம் கழித்து மறுபடி ஒன்று. சாப்பாட்டோடு கொடுங்கள். வாந்தி, சாப்பிட மறுப்பது, தார் மாதிரி கறுப்பு மலம், இதில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். இந்த மாத்திரைகளின் அளவு எடையை வைத்துப் போடப்படுவது. ஜூலி 36 கிலோ ஆன பிறகும் 41 கிலோவுக்கு எழுதிய மாத்திரையே போய்க்கொண்டிருக்கக்கூடாது. இது சின்ன விஷயம், ஆனால் மறந்துபோகும், நீங்களாக நினைவுபடுத்துங்கள்.

மாதம் ஒருமுறை போடும் ஒரு புது ஊசியைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெடின்வெட்மாப் என்று பெயர், வலியைக் கடத்தும் ஒரு புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) மருந்து, 2020-இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. சில நாய்களுக்கு நன்றாகவே கேட்கிறது. ஆனால் தள்ளாட்டம், வலிப்பு போன்ற பாதகமான புகார்கள் வந்ததால் 2024 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கால்நடை மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மாத்திரை ஒத்துக்கொள்ளாத நாய்க்கு யோசிக்கலாம், ஜூலிக்கு முதல் தேர்வாக நான் போடமாட்டேன். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3-க்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது, டாக்டர் சொல்லும் அளவில் கொடுங்கள், அதன் கலோரியையும் 940-க்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். குளுக்கோசமைன்? கெடுதல் இல்லை, பெரிய நம்பிக்கையும் எனக்கு இல்லை. அந்தப் பணத்தில் தரைக்கு விரிப்பு வாங்குவேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டைல்ஸ் தரைதான் இந்த நாய்களின் எதிரி. எழுந்திருக்கும்போது பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கி விரிவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த ஒவ்வொரு வழுக்கலும் மூட்டை ஓர் இழுப்பு இழுக்கிறது. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் ரப்பர் அடிப்பாகம் உள்ள விரிப்பைப் பாதை மாதிரி போட்டுவிடுங்கள். நகத்தை வெட்டி, பாதத்தின் அடியில் விரலிடுக்கில் வளரும் முடியையும் ஒட்ட நறுக்கிவிடுங்கள். படுக்கை தடிமனாக இருக்கட்டும், அவள் படுத்தால் எலும்பு தரையைத் தொடக்கூடாது. காரில் ஏற்ற நேர்ந்தால் ஒரு துண்டை அடிவயிற்றுக்குக் கீழே தொட்டில் மாதிரி போட்டு இரண்டு முனையையும் பிடித்து இடுப்பைத் தூக்கிக்கொடுங்கள்.

நடை விஷயத்தில் பெரும்பாலானவர்கள் இரண்டு தப்பில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, பாவம் என்று படுக்கவே விட்டுவிடுவது. இல்லை, வாரம் முழுக்கப் படுக்கவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டு போவது. ஜூலிக்குப் பத்து நிமிஷ நடை, ஒரு நாளைக்கு மூன்று தடவை, பெல்ட் போட்டு, மெதுவாக, சமதரையில். மெதுவாக நடந்தால்தான் நாலு காலையும் ஒவ்வொன்றாக ஊன்றும். வேகம் கூடினால் தத்தலில் ஏமாற்றிவிடும். பந்து எறிந்து துரத்த விடுவது அடியோடு வேண்டாம், அந்தத் திடீர்த் திருப்பங்கள் இடுப்புக்கும் முழங்காலுக்கும் ஆகாது. அளவு சரியா என்பதை மறுநாள் காலை சொல்லும். வழக்கத்தைவிட விறைப்பாக எழுந்தால் முந்தின நாள் அதிகம், பாதியாக்குங்கள். நன்றாக எழுந்தால் வாரத்துக்கு இரண்டு நிமிஷம் கூட்டுங்கள். "உட்கார், எழுந்திரு" என்று ஐந்து தடவை, அப்பாவின் டப்பாவிலிருந்து ஒவ்வொன்று கொடுத்துச் செய்ய வைத்தால் அதுவே தொடைக்கு நல்ல பயிற்சி, அவருக்கும் ஒரு வேலை. தண்ணீருக்குள் நடைப்பயிற்சி தரும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். இடுப்பு மட்டத்துக்குத் தண்ணீர் இருந்தால் நாயின் காலில் இறங்குவது அதன் எடையில் 40 சதவீதத்துக்கும் குறைவுதான். 41 கிலோ ஜூலி தண்ணீருக்குள் 16 கிலோ நாயாக நடப்பாள்.

ஆபரேஷனுக்கு வருகிறேன். அது வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இன்றைக்கு வேண்டாம் என்கிறேன். எலும்பை வெட்டிக் குழியைத் திருப்பி வைக்கும் சிகிச்சைகள் குட்டிப் பருவத்தில், தேய்மானம் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை. ஜூலிக்கு அந்த வயது தாண்டிவிட்டது. அவளுக்கு மிச்சமிருப்பவை இரண்டு. தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்துவிட்டு, தசையே மூட்டு மாதிரி தாங்கிக்கொள்ளும்படி விடுவது ஒன்று. இது சின்ன நாய்களுக்கும் ஒல்லியான நாய்களுக்கும் நன்றாக அமையும். 41 கிலோவைத் தசை மட்டும் தாங்க வேண்டும் என்றால் நடை சீராக வருவது கஷ்டம். இன்னொன்று செயற்கை மூட்டு பொருத்துவது. நன்றாக அமைந்தால் அதற்கு இணை இல்லை. வலியில்லாத புது இடுப்பு. ஆனால் மூட்டு நழுவுவது, கிருமித் தொற்று, பொருத்தியது தளர்வது என்று அதற்கும் சிக்கல்கள் உண்டு. அனுபவமுள்ள கையில் மட்டும் செய்ய வேண்டியது. பெரும்பாலும் ஒரு பக்கம் செய்தாலே நாய் நன்றாக நடந்துவிடும். எதைச் செய்தாலும் ஆபரேஷனுக்கு முன் எடை குறைந்திருந்தால் மயக்க மருந்தின் ஆபத்தும் குறையும், தேறுவதும் சுலபம். பத்தியம் எப்படியும் தப்பாது. அதை முதலில் செய்துவிட்டால் கத்தி தேவைப்படுமா என்பதும் தெரிந்துவிடும்.

எப்போது முடிவெடுப்பது? எடை 36-க்கு வந்து, மருந்தும் நடையும் ஒழுங்காக நாலு மாதம் நடந்து, அப்போதும் ராத்திரி தூங்க முடியாமல் இரைத்து மூச்சு வாங்குகிறாள், காலை விறைப்பு குறையவில்லை, தொடை சூம்பிக்கொண்டே போகிறது என்றால் எலும்பு அறுவை நிபுணரிடம் போங்கள். அப்போதும் தள்ளிப்போடாதீர்கள், தசை முழுக்கப் போன பிறகு புது மூட்டு வைத்தும் பயன் குறைவு. இதற்கு நடுவிலேயே ஒரு காலைத் தரையில் ஊன்றவே இல்லை, பின்பகுதி துவண்டு விழுகிறது, சிறுநீர் தன்னால் கசிகிறது என்றால் நாலு மாதக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றே போக வேண்டும்.

தம்பி வீட்டுக் குட்டி. உங்கள் கடிதத்தில் எனக்குச் சந்தோஷமான வரி அதுதான், ஏனென்றால் அங்கே இன்னும் எல்லாமே கையில் இருக்கிறது. ஒரே ஈற்றில் பிறந்த லாப்ரடார் குட்டிகளை ஜோடி சேர்த்து, மொத்தம் 48 நாய்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. ஆயுள் முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. ஜோடியில் ஒன்றுக்குக் கொடுத்ததில் கால்வாசியைக் குறைத்து மற்றதற்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒல்லியாக வளர்ந்தவற்றின் சராசரி ஆயுள் 13 வருஷம், மற்றவை 11.2. அதைவிட நமக்கு வேண்டியது இது: நிறையச் சாப்பிட்ட கூட்டத்தில் பாதி நாய்களுக்கு ஆறு வயதுக்குள்ளேயே எக்ஸ்ரேயில் இடுப்புத் தேய்மானம் தெரிந்தது, ஒல்லிகளில் பாதிக்குத் தெரிய பன்னிரண்டு வயதானது. தாய் தகப்பன் அதே, இடுப்பும் அதே.

அதனால் தம்பியிடம் சொல்லுங்கள். குட்டி கொழுகொழுவென்று இருந்தால்தான் ஆரோக்கியம் என்ற எண்ணத்தை விட்டுவிடட்டும், புறங்கைத் தடவலை இப்போதே பழகட்டும். பெரிய இன நாய்க்குட்டிகளுக்கென்றே உள்ள உணவைக் கொடுக்கட்டும், அதன்மேல் கால்சியம் மாத்திரையோ டானிக்கோ கூடாது. வளரும் பெரிய இன எலும்புக்குக் கால்சியம் மிஞ்சினாலும் கேடு. மூன்று மாதம் ஆகும்வரை மாடிப்படியில் ஏற இறங்க விடாமல் தூக்கிக்கொண்டு போகட்டும். மண்தரையிலும் புல்லிலும் இஷ்டம்போல ஓடவிடலாம், அது இடுப்புக்கு நல்லதே. எல்லாவற்றுக்கும் மேலே, நாலு மாதம் ஆகும்போது "இடுப்புத் தளர்வு இருக்கிறதா என்று கையால் சோதித்துப் பாருங்கள்" என்று டாக்டரிடம் சொல்லிக் கொண்டுபோகட்டும். தளர்வு இருந்தால் பதினாறு வாரத்தையொட்டி, அதிகம் போனால் இருபது வாரத்துக்குள், சின்னதாக ஒரு சிகிச்சை செய்து குழி தலையைச் சரியாக மூடும்படி வளரவைக்க முடியும். குட்டி அடுத்த வாரம் வருகிறது என்றீர்கள். எட்டு வாரக் குட்டி என்றால் அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, தேதியை இன்றே குறித்துவைக்கச் சொல்லுங்கள்.